பத்திரிகையில் விட்ட இடம்

அறந்தாங்கி
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பரிமளா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். குவைத்தில் நீ சுகமா? கையில் கொப்புளம் என்றாயே, ஆறிவிட்டதா?

போன் இருக்க இதென்ன கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டில் உன் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டாக வேண்டும். பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அம்மா உன்னிடம் "சாப்புட்டியாப்பா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் கடைக் கம்ப்யூட்டரில் தட்டி மெயிலில் அனுப்புகிறேன். நீயும் இப்படியே எழுது. "ம்", "ஓகே" எல்லாம் இங்கே செல்லாது.

ஆவணியில் உன் கல்யாணம் என்று ஆவுடையார்கோவிலில் பேசி முடித்தது உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது இலக்கியா மதினி என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கல்கூரையின் வளைந்த கொடுங்கையைக் காட்டியது. கல்லில் மரச்சட்டம், கல்லில் ஆணி, கல்லில் கயிறு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்க அம்மா ஏன் வரலை?" என்று மதினி அங்கே வைத்துத்தான் கேட்டது. நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். தாலியறுத்தவள் சம்பந்தம் பேச வரக்கூடாது என்று பெரியப்பா வேனில் இடம் போடவில்லை என்பதை அந்த அழகான இடத்தில் எப்படிச் சொல்வது?

ஃப்ளெக்ஸ் கடையில் வேலை கழுத்தை நெரிக்கிறது. காதுகுத்து, புதுமனை, கண்ணீர் அஞ்சலி. முதலாளி ஆனந்தராஜ் அண்ணன் எல்லாவற்றுக்கும் ரோஜாப்பூ பார்டர் கேட்கிறார். நான் தெருவிலிருந்து எடுக்கிறேன். என் போனில் "சும்மா" என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். மணமேல்குடி மீன்காரம்மா கூடை மேல் போட்ட நீலத் துண்டு, டவுன் பஸ் நெற்றியில் கையால் எழுதின ஊர்ப்பெயர், பூக்கடையில் குவித்த வாடாமல்லி. எல்லாம் இதோடு இணைத்திருக்கிறேன். அந்த வாடாமல்லிப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கலர்ல ஒரு சீலை வச்சிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போடு.

இப்படிக்கு,
பரிமளா


குவைத்
27 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் அருள்மணி எழுதுவது. நான் நலம். கொப்புளம் ஆறிவிட்டது. அம்மாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? பெட்டி ஸ்பீக்கரை அவளே தூக்க வேண்டாம் என்று சொல்.

உன் படங்களைப் பார்த்தேன். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. நேற்று ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏசி ரிப்பேர். வரிசையாக நாற்பது கம்ப்ரஸர். எல்லாம் ஒரே சுருதியில் ஓடுகின்றன. நடுவில் ஒன்று மட்டும் கொஞ்சம் தாழ்ந்து பாடியது. அதுதான் கெட்டுப்போனது என்று காதாலேயே கண்டுபிடித்தேன். அம்மா பிள்ளை இல்லையா? அந்த மாடியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மணல் நிறத்துக்கு உன் கடையில் என்ன பேர்?

நம் சவுண்ட் சர்வீஸ் ஞாபகமாகவே இருக்கிறது. அப்பா இருந்தவரை மைக்கில் "ஹலோ ஹலோ" என்பார். அவர் போன பிறகு அம்மாதான் எட்டு வருஷமாக ஊர் ஊராக மைக்செட் கட்டுகிறாள், எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்று அவளுக்குத்தான் தெரியும் என்கிறார்கள். ஆனால் மைக்கில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பாள், பிறகு யார் கையிலாவது கொடுத்துவிடுவாள். இன்னும் அப்படித்தானா?

கல்யாண வேலை எல்லாம் பெரியப்பா பார்த்துக்கொள்வார். நீ கவலைப்படாதே.

அன்புடன்,
அருள்மணி


அறந்தாங்கி
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல். அம்மாவின் முதுகுக்குத் தைலம் தேய்க்கிறேன். பெட்டியைத் தூக்குவதை மட்டும் நிறுத்த மாட்டேன் என்கிறாள். மைக்கை இன்னும் தட்டித்தான் பார்க்கிறாள். போலீஸ் கெடுபிடியால் பழைய குழாய் ஸ்பீக்கர் இரண்டையும் பரணில் ஏற்றிவிட்டாள். ஆனாலும் மாதம் ஒருமுறை இறக்கித் துடைத்து வைக்கிறாள்.

மணல் நிறத்துக்கு எங்கள் கடையில் பேர் கிடையாது. யாரும் கேட்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணப் பத்திரிகையை நானே டிசைன் செய்தேன். "அன்புடன் அழைக்கும்" என்று போட்டு, முதல் வரியில் அம்மா பெயர். அழகி ஆண்டியப்பன். அடுத்த வரியில் பெரியப்பா. ஃப்ளெக்ஸிலும் நீயும் மதினியும் நடுவில், அம்மா பக்கத்தில். பெரியப்பா கடைக்கு வந்து பார்த்தார். "மங்களகரமான பத்திரிகையில அந்தப் பேரு எதுக்குத்தா? அவளே கேக்க மாட்டா. எடுத்துரு" என்றார். ஃப்ளெக்ஸில் அம்மா படத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டு, தன் படத்தில் மீசையைக் கறுப்பாக்கச் சொன்னார்.

இந்த வேலையில் எனக்கு ஆறு வருஷம். எத்தனை ஃப்ளெக்ஸ் பண்ணியிருப்பேன். செத்துப்போனவர்களுக்கு அதில் மேலே இடம் உண்டு. மூலையில் வட்டம் போட்டு, பின்னால் வெளிச்சம் கொடுத்து, தெய்வத்திரு என்று எழுதுகிறோம். நம் அப்பாவுக்கும் அப்படி இடம் இருக்கிறது. உயிரோடு இருந்து உன்னை வளர்த்தவளுக்குத்தான் இடமில்லை. என் கையாலேயே அவள் படத்தை வெட்டி எடுக்க வேண்டுமாம்.

நீ ஒரு வார்த்தை சொல். அம்மா பெயர் முதலில் வர வேண்டும் என்று மாப்பிள்ளை சொன்னால் பெரியப்பா தட்ட முடியாது. நான் சொன்னால் வாயாடி. நீ சொன்னால் பேச்சு.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பரிமளா


குவைத்
11 மே 2025

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? இங்கே வெயில் ஏறிவிட்டது. மத்தியானம் வேலை கிடையாது. காலையில் நாலு மணிக்கே வண்டி வந்துவிடுகிறது.

உனக்காக இரண்டு படம் எடுத்தேன். ஒன்று, பழக்கடையில் பேரீச்சைக் குலைகளைத் தொங்கவிட்டிருந்த விதம். மற்றது, எங்கள் அறைக் கதவு. ஆறு பேரும் ஆறு மொழியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறோம். தமிழ் எழுத்துதான் அதிகம் இடம் பிடிக்கிறது என்று பக்கத்துக் கட்டில்காரர் சண்டைக்கு வருகிறார். உன் கடைக்கு உபயோகப்படுமா பார்.

பெரியப்பாதான் அப்பா இடத்தில் நின்று எல்லாம் செய்கிறார். என்னை இங்கே அனுப்பி வைத்ததும் அவர்தான். அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்.

மாம்பழம் வந்துவிட்டதா? அம்மாவுக்குச் சர்க்கரை, பார்த்துக் கொடு.

அன்புடன்,
அருள்மணி


அறந்தாங்கி
15 மே 2025

அண்ணனுக்கு,

நாங்கள் நலம். மாம்பழம் வந்துவிட்டது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

நான் அம்மா பெயரைக் கேட்டேன். நீ பேரீச்சங்குலை அனுப்பியிருக்கிறாய். கதவில் ஆறு பெயர் ஒட்டத் தெரிகிறது, பத்திரிகையில் ஒரு பெயர் போடச் சொல்ல வாய் வரவில்லை. யார் மனம் நோகக்கூடாது என்று கவலைப்படுகிறாயோ அவர் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார். நோகிற மனசு ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது, அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை.

படம் அனுப்புவதற்கு முன் பதில் அனுப்பு.

பரிமளா


அறந்தாங்கி
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனில் மட்டும் எல்லாரும் நலமா என்கிறாய். நலம்தான். நீயும் நலமாக இரு.

நடந்ததைச் சொல்கிறேன், பிறகு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். போன வாரம் டெலிவரி வண்டியில் குடுமியான்மலைக்கு ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ் கொண்டுபோனேன். கட்டி முடிக்கும் வரை பாறையில் உள்ள இசைக் கல்வெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த எழுத்தும் படிக்கத் தெரியாது, ராகமும் தெரியாது. ஆனால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விட்டிருக்கிற இடம் தெரிந்தது. கல்லில் விட்ட இடமும் வேண்டுமென்று விட்டதுதானே? பாட்டில் மூச்சு வாங்குகிற மாதிரி அது இருந்தது. வண்டியில் திரும்பி வரும்போது என் பத்திரிகைக்கு வழி கிடைத்துவிட்டது.

கடைக்கு வந்து அம்மா பெயரை எடுத்தேன். பெரியப்பா சொன்னபடியே எடுத்தேன். பெயரை மட்டும்தான் எடுத்தேன், அது இருந்த வரியை எடுக்கவில்லை. "அன்புடன் அழைக்கும்" என்று இருக்கிறது. அதற்குக் கீழே முதல் வரி வெறும் வெள்ளை. இரண்டாவது வரியில்தான் கண்ணுசாமி என்று பெரியப்பா பெயர் தொடங்குகிறது.

அவர் புரூஃப் பார்க்க வந்தார். நம் ஊரில் யாரும் பத்திரிகையை முழுக்கப் படிப்பதில்லை, அவரவர் பெயரைத் தேடிப் படிப்பார்கள். அவரும் தன் பெயரையும், முன்னாள் ஊராட்சித் துணைத்தலைவர் என்பதையும், பேரன் பேத்தி பெயரையும் பார்த்தார். அம்மா படம் போய், மீசை கறுப்பாகியிருக்கிறதா என்று ஃப்ளெக்ஸையும் பார்த்துக்கொண்டார். ஓகே என்று கையெழுத்துப் போட்டார். ஆனந்தராஜ் அண்ணன் மட்டும் என்னையும் அந்த வெள்ளை வரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கஸ்டமர் கையெழுத்துப் போட்டுட்டாரு, அப்புறம் என்ன" என்று மிஷினை ஓட்டச் சொன்னார். அவருக்கு ஆயுசு நூறு.

ஆடி பிறக்குமுன் கொடுத்து முடிக்க வேண்டும் என்று பத்திரிகை இரண்டு வீட்டுக்கும் போய்விட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது. அம்மாவிடம் ஒன்று கொடுத்தேன். அந்த வெள்ளை வரியை விரலால் தடவிப் பார்த்தாள். அச்சு உதிர்ந்துவிட்டதோ என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

உனக்கும் ஒன்று இணைத்திருக்கிறேன். உன் பெயரை மட்டும் பார்க்காதே.

பரிமளா


ஆவுடையார்கோவில்
13 ஜூலை 2025

அன்புள்ள பரிமளாவுக்கு,

இலக்கியா எழுதுவது. எல்லாரும் சௌக்கியம்தானே? அத்தைக்கு என் வணக்கம். போனில் பேச நினைத்தேன், உங்கள் வீட்டு ஸ்பீக்கரை நினைத்துப் பயந்துவிட்டேன். உன் மெயில் முகவரியை அவரிடம் வாங்கினேன்.

பத்திரிகைக் கட்டைப் பிரித்ததும் அப்பா, "இதென்ன நடுவுல எடம் விட்டுருக்கு? மிஸ்டேக் போல" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். விடுபட்டது எது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. உன்னைக் கோயிலில் ஒரு கேள்வி கேட்டேன், நீ அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாய். அதற்கான பதில் இதுதான் என்று புரிந்துகொண்டேன்.

அவரிடம் கேட்டேன். அவர் ஒரு ஒட்டகப் படம் அனுப்பினார். உனக்கும் இப்படித்தானா?

எங்கள் பக்கம் கொடுக்கிற பத்திரிகை முழுவதையும் முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் நீல மையில் "அழகி ஆண்டியப்பன்" என்று எழுதினேன். அம்மா வந்து, "மாப்பிள்ளை வீட்டுல கோவிச்சுக்குவாங்கடி" என்றாள். என்னைக் கட்டிக்கொடுக்கப் போவது அந்த அம்மா வீட்டுக்குத்தானே என்று கேட்டேன். பிறகு அவளும் உட்கார்ந்து கவருக்குள் போட்டுக் கொடுத்தாள்.

கையெழுத்து சுமார்தான். டிசைனர் மன்னிக்கவும்.

அன்புடன்,
இலக்கியா


குவைத்
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். லீவு கிடைத்துவிட்டது. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் திருச்சியில் இறங்குவேன்.

பத்திரிகையைப் பார்த்தேன். இலக்கியா அனுப்பிய நீல மைப் பத்திரிகையையும் பார்த்தேன். பெரியப்பா போன் செய்து சத்தம் போட்டார். இரண்டு பெண்களும் சேர்ந்து குடும்ப மானத்தை வாங்குகிறீர்கள் என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ஒரு சீலை வாங்க வேண்டும். என்ன நிறம் எடுப்பது?

அருள்மணி


அறந்தாங்கி
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். ஆடியில் அம்மாவுக்கு ஒரு நாளும் ஓய்வில்லை. கோயில் கோயிலாகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

நிறத்தை நீயே முடிவு செய். ஆனால் அந்தச் சீலையை அவள் எங்கே உடுத்திக்கொண்டு நிற்கப் போகிறாள் என்பதைத் தெரிந்துகொண்டு எடு. பத்திரிகைக்குப் பழிக்குப் பழியாகப் பெரியப்பா ஏற்பாடு செய்துவிட்டார். கல்யாணம் நம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில். அதற்கு நம் மைக்செட் வேண்டாமாம், புதுக்கோட்டையிலிருந்து டிஜே வருகிறதாம். அம்மா மைக்செட் கட்டினால் கூடத்துக்குள் இருப்பாள், எதிரில் படுவாள் என்பதுதான் கணக்கு. தாலி ஏறும்வரை அவள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று நேராகவே சொல்லிவிட்டார். நம் வீட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு தெரு.

அம்மா தலையாட்டினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளைத்தான் கத்தினேன். ஊரில் எத்தனை கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டிருப்பாய், உன் பிள்ளை கல்யாணத்துக்கு வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாயா என்றேன். அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "எனக்கு மேடை என்ன புதுசாத்தா? எல்லா மேடைக்கும் பின்னாடிதான ஒக்காந்துருக்கேன்" என்றாள். குரலில் கண்ணீர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ வந்து இறங்கும்போதாவது பேசு. படத்தால் முடியாது, வாயால் பேசு.

பரிமளா


அறந்தாங்கி
5 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்தோம். இங்கே நான், அம்மா, மதினி மூவரும் நலம். மதினிக்கு அறந்தாங்கியிலேயே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது.

நீ இருந்த நாட்களில் கல்யாண நாளைப் பற்றி நாம் உட்கார்ந்து பேசவே இல்லை. உன்னைச் சுற்றி எப்போதும் ஆள். வீட்டுப் பக்கம் நடந்ததை நீ பார்க்கவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

ஊருக்கு வந்து நாலு நாள் நீ வாய் திறக்கவில்லை. எனக்கு உன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, இப்போதும் மறைக்க மாட்டேன். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், படம் எடுப்பதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டிவரலாம் என்று நினைத்தேன். வீட்டில் அம்மா இல்லை. மொட்டைமாடியில் சத்தம் கேட்டது.

ஏறிப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக் கம்பியில் குழாய் ஸ்பீக்கர் இரண்டும் கட்டியிருக்கிறது. இரண்டும் கூடத்தைப் பார்த்தபடி. கீழே ஆம்ப்ளிஃபயர். அதன் முன்னால் அம்மா, வாடாமல்லி நிறச் சீலையில். நீ அதை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாயாம். "அவன் சொல்லலைத்தா. ஆனா எடுத்துட்டு வந்துருக்கான்" என்றாள். நான் எப்போதோ எழுதினதை நீ மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மைக்கை விரலால் இரண்டு தட்டினாள். வழக்கம்போல என் கையில் கொடுப்பாள் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். நான் அழகி பேசுறேன். மாப்பிள்ளை அருள்மணியோட அம்மா. பத்திரிகையில ஒரு எடம் வெறுமனே கெடக்கே, யாரு கூப்புடுறாங்கன்னு நெறைய பேரு கேட்டீங்களாம். நான்தான் கூப்புடுறேன். எம் மகன் கல்யாணத்துக்கு வாங்க. இருந்து சாப்புட்டுட்டுப் போங்க."

நாலு ஊருக்குக் கேட்டிருக்கும். அவள் குரல் அத்தனை கனமானது என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மடியில் இருந்த பத்திரிகையை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். அந்த நேரம் நான் ஒரு படம் எடுத்தேன். யாருக்கும் காட்டவில்லை.

அங்கிட்டு மேடையில் என்ன நடந்தது? ஊரார் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உன் வாயால் கேட்க வேண்டும்.

அன்புத் தங்கை,
பரிமளா


குவைத்
19 அக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உங்கள் மூவரின் நலம் அறிந்து சந்தோஷம். இந்தத் தடவை படம் எதுவும் இணைக்கவில்லை.

மணையில் உட்கார்ந்திருந்தேன். டிஜேக்காரர் காது கிழிய எதையோ போட்டுக்கொண்டிருந்தார். தாலித் தட்டு பெரியவர்களிடம் ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது வெளியிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. அந்தக் கூட்டத்தில் அது வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அம்மா பேச ஆரம்பித்ததும் டிஜேக்காரர் தானாகவே தன் பெட்டியை அணைத்துவிட்டார். நாதஸ்வரக்காரரும் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கூடம் முழுக்க அம்மா குரல்தான்.

பெரியப்பா ஒயரை அறுங்கடா என்று கத்தினார். ஒருத்தரும் நகரவில்லை. நானும் நகரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். என்னைப் பற்றி ஊரில் பெருமையாகச் சொல்கிறார்களாமே, அது சரியில்லை. முதலில் எழுந்தது இலக்கியாதான். மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அத்தை கூப்புட்டுட்டாங்க. போயி அழைச்சுட்டு வந்துருவோம்" என்றாள், கடைக்குப் போய் வருவோம் என்கிற மாதிரி. அதற்கப்புறம்தான் நான் எழுந்தேன்.

பெரியப்பா குறுக்கே வந்து, "நல்ல நேரம் போகுதுடா" என்றார். அம்மா இல்லாமல் எனக்கு அந்த நல்ல நேரம் வேண்டாம் பெரியப்பா என்றேன். அவரை எதிர்த்து நான் பேசின முதல் பேச்சு. மார்ச்சில் பேசியிருக்கலாம். உனக்கு இத்தனை கடிதம் மிச்சமாகியிருக்கும்.

மாலையும் கழுத்துமாகத் தெருவில் நடந்தோம். பின்னால் பாதிக் கூடம் வந்தது. வீட்டு வாசலுக்கு வந்தபோது அம்மா மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள், நீ பின்னால் நின்றாய். அவள் என்ன செய்தாள், ஞாபகம் இருக்கிறதா? "இருப்பா, ஆம்ப்ளிஃபயரை அணைச்சுட்டு வாரேன்" என்று மறுபடி மேலே ஏறினாள். ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

தாலித் தட்டு அவள் முன்னால் போனதும் எடுத்துக்கொண்டு போனவர் ஒரு கணம் நின்றார். அம்மா இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் கட்டினேன். பெரியப்பா வீட்டாரும் இன்னும் சிலரும் சாப்பிடாமல் போனார்கள். போகட்டும்.

அம்மாவிடம் தினமும் பேசுகிறேன். ஸ்பீக்கரில் இல்லாமல்.

அன்புடன்,
அருள்மணி


அறந்தாங்கி
7 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உன் இருமல் தேவலையா? மதினி கஷாயப் பொடி அனுப்பியிருக்கிறது. கசக்கும், குடி.

ஊர்ச் செய்தி. பெரியப்பா நம்மோடு இன்னும் பேச்சு இல்லை. எதிரில் வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறார். அம்மா மட்டும் விடாமல், "மச்சான், சாப்புட்டீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறாள். உன் கல்யாண ஃப்ளெக்ஸ் மழைக்கு அவர் வீட்டு வைக்கோல்போர் மேல் கிடக்கிறது. அதில் கறுப்பு மீசையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் படம் எடுத்து "சும்மா" ஃபோல்டரில் போட்டுவிட்டேன். குழாய் ஸ்பீக்கரைப் பற்றி விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார்கள். எனக்கு ஒரே மகன்தான் சார், அவன் கல்யாணம் முடிந்துவிட்டது, இனிக் கட்ட மாட்டேன் என்று அம்மா சொன்னதும் சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மாவுக்கு வேலை குறைந்தது. சில வீடுகளில் அவளைக் கூப்பிடுவதில்லை. அதையும் உனக்கு மறைக்கக் கூடாது. கூப்பிடுகிற வீடுகளில் இப்போது மைக்கைத் தட்டுவதோடு நிறுத்துவதில்லை, அவளே பேசுகிறாள். சாப்பாட்டுப் பந்தியில் இடம் காலி, வாங்க என்று அவள் சொன்னால் கூட்டம் எழுந்து ஓடுகிறது.

நேற்றுக் கடைக்கு முனியாயி என்று ஓர் அம்மா வந்தது. நாகுடிப் பக்கம். மகளுக்குத் தையில் கல்யாணம். புருஷன் இறந்து நாலு வருஷமாம். கொழுந்தனார் எழுதிக் கொடுத்த தாளை நீட்டியது. அதில் எல்லார் பெயரும் இருந்தது, அந்த அம்மா பெயரைத் தவிர. எனக்கு வழக்கம்போலச் சுருக்கென்றது. இங்கேயும் ஒரு வரி இடம் விடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் அது மடியிலிருந்து ஒரு பழைய பத்திரிகையை எடுத்து மேஜை மேல் விரித்தது. உன் கல்யாணப் பத்திரிகை. எந்த வழியாக அதன் கைக்குப் போனதோ, மடித்து மடித்து நைந்திருந்தது. அந்த வெள்ளை வரியில் விரலை வைத்துக்கொண்டு சொன்னது:

"இந்த எடம் இருக்குல்லத்தா, இதுல எம் பேரப் போடு."

போட்டேன். முனியாயி என்று முதல் வரியில் போட்டேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கட்டுமா என்று கேட்டதற்கு, பெரிதாகவே போடு என்றது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புத் தங்கை,
பரிமளா